அம்மா பெயரில் எடுத்த விடுப்பு

நாய்க்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்த கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி, "எவ்வளவு ஆச்சு?" என்பதுதான். தொகையைச் சொன்னதும் முகம் மாறும். சிலர் சிரிப்பார்கள். சிலருக்குத் தங்கள் வீட்டில் யாருக்கோ செய்யாமல் விட்ட வைத்தியம் நினைவுக்கு வரும். அது கண்ணிலேயே தெரியும். அதற்குப் பயந்து கொஞ்ச காலம் நான் பாதித் தொகையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது முழுதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன், ஆபரேஷன், கார் வாடகை, அப்புறம் பிசியோதெரபி எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம். மதுரையில் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளர் நான். பகல் முழுக்கப் பிறத்தியார் பணத்தை எண்ணுகிறவனுக்கு ஒன்றே முக்கால் லட்சம் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும்.

நாயின் பெயர் லட்டு. டாஷ்ஹண்ட் சாதி. நீள உடம்பு, குட்டைக் கால், தரையைத் துடைத்துக்கொண்டு போகிற காது. கல்லூரியில் படிக்கும்போது மகள் வாங்கி வந்தாள். படிப்பு முடிந்து புனேயில் வேலை கிடைத்ததும் அவள் போய்விட்டாள், லட்டு எங்களிடம் தங்கிவிட்டான். இப்போது பாதி வீடுகளில் இதுதானே நடக்கிறது. பிள்ளைகள் நாய் வாங்குகிறார்கள், பெற்றவர்கள் வளர்க்கிறார்கள்.

அவனுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் என் கட்டிலில் ஏறவில்லை. பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தான், அவ்வளவுதான். முதுகு லேசாகக் கூனியிருந்தது. தூக்கப் போனால் வீலென்று கத்தினான். வயிறு கல்லாக இறுகியிருந்தது. "கண்டதையும் தின்னுருக்கும்" என்றாள் என் மனைவி. அருகிலிருந்த கால்நடை மருத்துவரும் அதையேதான் சொன்னார். வயிற்றை அமுக்கிப் பார்த்து, இரண்டு ஊசி போட்டு, தயிர்சாதம் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். முதுகில் வலி இருக்கிற நாய் வயிற்றை இறுக்கிக்கொள்ளும், அதைப் பார்த்து வயிற்று வலி என்று நினைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

ஊசி நன்றாகவே வேலை செய்தது. வினையும் அதிலேயே வந்தது. மறுநாள் லட்டு பழையபடி ஓடினான், மாடிப்படி ஏறினான், பால்காரரைப் பார்த்துக் குதித்தான். வலி அடங்கியதே தவிர முதுகு ஆறவில்லை. "ஒரு மாசத்துக்கு இவனைக் கூண்டை விட்டு வெளியே விடாதீங்க" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மீதிக் கதையே நடந்திருக்காதோ என்னவோ. இரண்டொரு நாள் கழித்து விடிகாலையில் எழுந்தால், முன்னங்கால்களை ஊன்றி, பின்பாதி உடம்பைத் தரையோடு இழுத்துக்கொண்டு கூடத்தில் வந்துகொண்டிருந்தான். பின்னால் தரையில் ஈரக் கோடு. சிறுநீர். வாலும் ஆடவில்லை.

தெருவே கூடி யோசனை சொன்னது. எண்ணெய் காய்ச்சி நீவிவிடச் சொன்னார் ஒருவர். மூட்டுவலிக்குத் தான் போடுகிற மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கச் சொன்னார் இன்னொருவர். அதை மட்டும் எந்த வீட்டிலும் செய்யாதீர்கள். நமக்குச் சாதாரணமான டைக்ளோஃபெனாக்கும் ஐபுபுரூஃபெனும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். சுளுக்கு எடுப்பவரையும் போய்க் கேட்டேன். அவர் விவரமான ஆள். "நாய்க்கு எடுத்தேன்னு தெரிஞ்சா நாளைக்கு மனுசன் எவனும் எங்கிட்ட வரமாட்டான்ணே" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். அன்றைக்கு வருத்தமாக இருந்தது. அந்த முதுகில் அவர் கைவைத்து ஒரு திருகு திருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

ஊரின் இன்னொரு மூலையில் புதிதாக கிளினிக் வைத்திருந்த இளம் மருத்துவரிடம் கொண்டுபோனேன். முப்பது வயதுகூட இருக்காது. அவர் வயிற்றைத் தொடவில்லை. லட்டுவை ரப்பர் விரிப்பில் நிற்க வைத்து, இடுப்பை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பின்னங்கால் பாதத்தை மடக்கி, மேல்புறம் தரையில் படுமாறு வைத்தார். நல்ல நாயாக இருந்தால் அந்த நொடியே பாதத்தைத் திருப்பிச் சரியாக ஊன்றிக்கொள்ளுமாம். லட்டுவின் பாதம் மடங்கினபடியே கிடந்தது. பிறகு ஒரு ஃபோர்செப்ஸை எடுத்து கால்விரலைக் கிள்ளினார். கால் வெடுக்கென்று உள்ளே போனது.

"உணர்ச்சி இருக்கே சார்!" என்றேன்.

"அதை நம்பாதீங்க சார். காலை இழுத்துக்கிறது தண்டுவடம் தானாச் செய்யிற வேலை. மூளைக்குச் சேதியே போகலைன்னாலும் கால் இழுக்கும். இவன் தலையைத் திருப்பணும், இல்லை கத்தணும். அப்பத்தான் வலி மேல போகுதுன்னு அர்த்தம். நீங்க காலைப் பார்க்காதீங்க, மூஞ்சியைப் பாருங்க."

இந்த முறை விரல் எலும்பே நசுங்குகிற அளவுக்கு அழுத்தினார். லட்டு கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி, பல் படாமல், மருத்துவரின் மணிக்கட்டில் வாயை வைத்தான். "இருக்கு சார், இன்னும் இருக்கு" என்றார் அவர். ஆழ்ந்த வலியுணர்வு என்று இதைச் சொல்கிறார்கள். அது இருக்கும்போதே ஆபரேஷன் செய்தால் பத்தில் ஒன்பது நாய் திரும்ப நடக்கும். போய்விட்டால் ஏறக்குறைய பாதிதான் நடக்கும். அப்படிப் போனவற்றில் பத்தில் ஒன்றுக்குத் தண்டுவடமே அழுகிக்கொண்டு மேலே ஏறும், அதற்கு வைத்தியம் கிடையாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியமானது. "இது என்னால ஆகாது சார். ஸ்கேன் வேணும், முதுகுத்தண்டு ஆபரேஷன் செஞ்சு பழகின கை வேணும். சென்னைக்கு இன்னைக்கே கிளம்புங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க." போன் போட்டு அங்கிருந்த ஓர் அறுவை மருத்துவரிடம் என் கண்முன்னாலேயே பேசி நேரமும் வாங்கிக் கொடுத்தார்.

என்ன நோய் என்பதையும் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். நாயின் முதுகெலும்பில் எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் உண்டு. சுற்றிலும் நார், உள்ளே கூழ். இளநுங்கின் உள்ளே தளும்புமே, அப்படித்தான் அந்தக் கூழ் இருக்க வேண்டும். டாஷ்ஹண்டுக்கு அது ஒரு வயது, இரண்டு வயதிலேயே முற்றிப்போன நுங்காகக் கெட்டிப்பட்டு, சுண்ணாம்புச் சத்து படிய ஆரம்பித்துவிடுகிறது. ஒருநாள் நார் கிழிந்து, கெட்டிப்பட்ட அந்தச் சரக்கு மேல்பக்கமாகப் பிதுங்கித் தண்டுவடத்தில் போய் மோதுகிறது. விலா எலும்புகள் முடிந்து இடுப்பு தொடங்குகிற இடத்தில்தான் இது அதிகம். ஹான்சன் என்ற சுவீடன் நாட்டுக்காரர் 1952-லேயே இதை ஆராய்ந்து இரண்டு வகையாகப் பிரித்துவிட்டார். இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லித்தான் வகை பிரிக்கிறார்கள்.

இதற்குக் காரணமான மரபணுக் கோளாறு 2017-ல்தான் பிடிபட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கண்டுபிடித்தார்கள். எலும்பு வளர்ச்சியோடு தொடர்புள்ள ஒரு மரபணுவின் கூடுதல் நகல் பன்னிரண்டாவது குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலைக் குட்டையாக்குவதில் அதற்குப் பங்கு உண்டு, டிஸ்கைச் சீக்கிரம் கெட்டிப்படுத்துவதும் அதுதான். ஆக, குட்டைக் காலோடு ஓடி வருவதைப் பார்த்து நாம் கொஞ்சுகிறோமே, அந்த அழகும் இந்த நோயும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. டாஷ்ஹண்டில் நாலைந்துக்கு ஒன்று வாழ்நாளில் ஒருமுறையாவது இதில் மாட்டிக்கொள்கிறது. பீகிள், காக்கர் ஸ்பானியல், பெக்கிங்கீஸ், பிரெஞ்ச் புல்டாக் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. எங்களுக்குக் குட்டியை விற்றவர் தடுப்பூசி அட்டையைக் கொடுத்தார், கழுத்துப்பட்டையை இலவசமாகக் கொடுத்தார். முதுகைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அடுத்தது விடுப்பு. நாய்க்கு ஆபரேஷன் என்று எழுதி மேலாளரிடம் நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற நேரம் வேறு. "தாயாரின் முதுகுத்தண்டு சிகிச்சைக்காக அவசரமாகச் சென்னை செல்ல வேண்டியிருப்பதால்" என்று எழுதி அனுப்பினேன். கை தயங்கவே இல்லை. தயங்காததற்குக் காரணம், அது முழுப் பொய்யும் இல்லை. அம்மாவுக்கு முதுகுவலி பல வருடமாக இருந்தது. கால் மரத்துப்போகிறது, பத்தடி நடந்தால் உட்காரச் சொல்கிறது என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தார். பார்த்த மருத்துவர், எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டுபோய் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு மருத்துவரைப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

நாயை ரயிலில் கொண்டுபோவது அவ்வளவு சுலபமில்லை. முதல் வகுப்பு ஏ.சி.யில் கூப்பேயை முழுதாகப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் நாய்க்கூண்டில் போட வேண்டும். முதுகு உடைந்தவனைக் கூண்டில் போட்டுக் குலுக்கிக்கொண்டு போக முடியாது. வாடகைக் கார் பிடித்தேன். இளம் மருத்துவர் சொன்னபடி ஒரு பிளைவுட் பலகையில் போர்வை விரித்து, லட்டுவைப் படுக்க வைத்து, தோளிலும் இடுப்பிலும் துண்டால் தளர்வாகக் கட்டினோம். முதுகு வளையாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். மனைவி அம்மாவுக்குத் துணையாக வீட்டில் இருந்துகொண்டாள். "நாய்க்காண்ணே மெட்ராஸ் வரைக்கும்?" என்று மேலூர் தாண்டும்வரை டிரைவர் கேட்டுக்கொண்டே வந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்.

அந்த இரவில் நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. திருச்சி தாண்டி, பெரம்பலூரும் தாண்டியபின், டிரைவர் டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டினார். லட்டு அசையாமல் கிடந்தான். நான் கைப்பேசியில் வங்கிக் கணக்கில் இருந்த தொகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு தானாக ஒரு கணக்குப் போட்டது. இவன் வழியிலேயே போய்விட்டால் எல்லாருக்கும் நல்லது. மகளிடம் "அப்பா முடிஞ்சவரை பார்த்தேன்மா" என்று சொல்லிக்கொள்ளலாம், பணமும் மிஞ்சும். நினைத்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. கையை அவன் விலாவில் வைத்துப் பார்த்தேன். ஏறி இறங்கியது. அப்போது எனக்கு வந்தது நிம்மதிதானா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

சென்னை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியிலேயே தலைகுனிய வேண்டியதாயிற்று. "மொதல்ல என்ன ஊசி போட்டாங்க?" எனக்குத் தெரியாது. போட்டவர் எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று அவர் ஊகித்தார். ஸ்டீராய்டும் சாதாரண வலிமருந்தும் ஒன்றின் மேல் ஒன்றாக உள்ளே போனால் நாய்க்கு வயிற்றிலும் குடலிலும் புண் வந்து, ரத்தம் கசியும். முன்னால் போன மருந்து எதுவென்று தெரியாததால் வலிக்கு எதைக் கொடுப்பது என்பதையே அவர் யோசித்து யோசித்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. நம் ஊர்களில் பல கிளினிக்குகளில் நாய்க்குப் போட்ட ஊசியின் பெயர் எந்தத் தாளிலும் ஏறுவதில்லை. கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று நாமும் பேசாமல் வந்துவிடுகிறோம். அந்தக் குப்பியை ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் போதும். லட்டு எப்படி நடக்கிறான் என்பதை மகளுக்கு அனுப்புவதற்காக எடுத்த வீடியோ மட்டும் என்னிடம் இருந்தது. முதல் நாள் கூனி நடந்தது, பிறகு நன்றாக ஓடியது, அப்புறம் இழுத்துக்கொண்டு வந்தது எல்லாம் தேதியோடு இருந்தன. அதை மருத்துவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். நான் கொண்டுபோனதில் உருப்படியானது அதுதான்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியுமே தவிர, தண்டுவடம் எங்கே நசுங்கியிருக்கிறது என்பது தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். நாய் அசையாமல் படுத்திருக்காது என்பதால் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க முடியும். மனிதர்களுக்கான ஸ்கேன் மையம் ஒன்றில், நோயாளிகள் எல்லாம் போனபிறகு எடுக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். பின்வாசல் வழியாகப் பலகையோடு தூக்கிக்கொண்டு போனோம். ரசீதில் "நோயாளி பெயர்: லட்டு" என்று இருந்தது. வயதைப் பார்த்துவிட்டு, "குழந்தையா சார்?" என்று கவுண்ட்டரில் இருந்த பெண் கேட்டாள். கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெரிய இயந்திரம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பீரோவில் கிடக்கிற சீட்டில் எழுதியிருந்ததும் இந்தப் படம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் அறுவை மருத்துவர் பேசியதில் எனக்குப் பிடித்தது, அவர் எந்த உறுதியும் கொடுக்காதது. நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நடந்தாலும் ஆடி ஆடித்தான் நடப்பான். வேறொரு டிஸ்க் பின்னால் பிதுங்கலாம். "நீங்க எத்தனை பேருக்கு இதைச் செஞ்சிருக்கீங்க?" என்று கேட்டேன். வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பிப்போன கேள்வி. அவருக்குக் கோபம் வரவில்லை. இதுவரை செய்தவற்றில் எத்தனை நடந்தன, எத்தனை நடக்கவில்லை என்று பிரித்தே சொன்னார். அந்தக் கேள்விக்குக் கோபப்படுகிறவரிடம் முதுகுத்தண்டை ஒப்படைக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

முதுகெலும்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, அதன் வழியாகப் பிதுங்கிய சரக்கைச் சுரண்டி எடுப்பதுதான் இந்த ஆபரேஷன். முடித்துவிட்டு வெளியே வந்தவர் ஒரு துண்டு காஸ் துணியை விரித்துக் காட்டினார். ரத்தத்தில் நனைந்த வெள்ளைத் துணுக்குகள், பொடிப்பொடியாக. எல்லாம் சேர்த்து என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. "இவ்வளவுதான் சார்" என்றார். நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் நறநறவென்றது.

வீட்டுக்கு வந்தபின்தான் உண்மையான வேலை ஆரம்பித்தது. பின்பாதி உடம்பு செயலிழந்த நாய்க்குச் சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாது. நிரம்பி வழிவதைப் பார்த்துவிட்டு "போயிட்டான்" என்று நினைத்துக்கொள்கிறோம், உள்ளே தேங்கியது தேங்கியபடியே இருக்கும், கிருமி பிடிக்கும். தினமும் சில வேளை நாமே வயிற்றை அமுக்கிக் காலி செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என் இரண்டு கையையும் பிடித்து இடம் காட்டினார். தொடைகளுக்கு முன்னால், அடிவயிற்றில், தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன் வழுக்கிக்கொண்டு கைக்கு அகப்படும். இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து, விட்டு விட்டு அழுத்தாமல், ஒரே சீராக அமுக்க வேண்டும். ஆரம்பத்தில் அவனுக்கு வலிக்குமே என்று நான் கையைத் தளர்த்திவிடுவேன், சொட்டுச் சொட்டாக வரும். என் மனைவிதான் அதில் கெட்டிக்காரியானாள். நாய் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து "கட்டில்ல ஏத்தாதீங்க" என்று சண்டை போட்டவள் அவள்.

மொசைக் தரையில் கால் வழுக்காமல் இருக்கக் கூடம் முழுக்கத் தேங்காய்நார் பாய் விரித்தோம். நகரவிடாமல் அடைத்துவைக்க ஒரு தடுப்புக்கூண்டு. அதை எங்கே போடுவது என்று பார்த்தால் காற்றோட்டமான இடம் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கேயே போட்டோம். இரண்டு முதுகும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கிடந்தன.

அப்படிக் கிடந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வங்கியில் என் பக்கத்து இருக்கைக்காரர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அம்மாவைப் பார்க்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதாம்மா? சென்னையில எந்த டாக்டரு?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா என்னைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார். ஒரு நொடிதான். "தேவலப்பா. பெரிய டாக்டரு, நல்லாப் பாத்தாரு. எம்புள்ள ராவோட ராவா கார்ல கூட்டிட்டுப் போனான்ல" என்றார். அவர் காப்பி குடித்துவிட்டுப் போகும்வரை அம்மா ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. வலி எங்கே இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்றெல்லாம் விவரமாகச் சொன்னார். அந்த விவரம் மட்டும் பொய்யில்லை.

அவர் போனபிறகு அம்மா ஆப்பிளை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு எடுக்காத படத்த எடுத்ததா ஊரு பூராம் சொல்லி வச்சிருக்கியேடா." நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்சநேரம் கழித்து அவரே, "போ, அது வாயில்லாத சீவன். எனக்கு வாய் இருந்துச்சு, நாந்தான் கேக்காம விட்டேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன்.

ஏன் அப்படி நடந்தது என்று பல முறை யோசித்திருக்கிறேன். நாயின் மேல் இருந்த பாசம் அம்மாவின் மேல் இல்லை என்பதல்ல. லட்டு விஷயத்தில் மணிக்கணக்கு இருந்தது, அம்மாவின் வலிக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை. அது ஒரு காரணம். இன்னொன்று வெளியே சொல்ல அசிங்கமானது. நாய்க்குச் செலவு செய்வது என் ஒருவன் முடிவு. அம்மாவுக்குச் செலவு என்றால் தம்பியிடம் பேச வேண்டும், தங்கையிடம் பேச வேண்டும், யார் எவ்வளவு என்று வரும், பழைய நிலப் பேச்சு வரும். அந்தப் பேச்சைத் தள்ளிப்போடத்தான் சீட்டைப் புடவைக்கு அடியில் வைத்தோம். "வயசானா முதுகு வலிக்கத்தான் செய்யும்" என்று மூன்று பிள்ளைகளும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டோம். அந்த மாதமே அம்மாவுக்கும் படம் எடுத்தாயிற்று. தண்டுவடப் பாதை குறுகியிருக்கிறது, இந்த வயதில் ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். மருந்தும் உடற்பயிற்சியும் நடக்கின்றன. வலி பாதியாகியிருக்கிறது. தம்பி அவன் பங்கை இன்னும் அனுப்பவில்லை. பரவாயில்லை.

லட்டு நடக்கிறான். மருத்துவர் சொன்னதுபோலவே ஆடி ஆடி. அவசரமாகத் திரும்பினால் பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடும், தானே எழுந்துகொள்வான். முதலில் திரும்பியது சிறுநீர்க் கட்டுப்பாடு, அப்புறம் வால், கடைசியாகக் கால். மாடிப்படி கிடையாது, கட்டில் கிடையாது. கழுத்துப்பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, மார்பைச் சுற்றிப் போடுகிற ஹார்னஸ் வாங்கினோம். எடை ஏறாமல் பார்த்துக்கொள்கிறோம். அம்மா தட்டிலிருந்து ரகசியமாகப் போடும் இட்லியைத்தான் தடுக்க முடியவில்லை.

வேறொரு வேலையாகச் சென்னை போனபோது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குள் சும்மா போய்ப் பார்த்தேன். 1903-ல் தொடங்கிய கல்லூரி. வரிசையில் லாப்ரடாரும், தெரு நாயும், அட்டைப்பெட்டியில் பூனையும், ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்ட ஒரு பெரியவரும் நின்றிருந்தார்கள். நாட்டிலேயே முதல் கால்நடைப் பல்கலைக்கழகம் 1989-ல் தமிழ்நாட்டில்தான் வந்தது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கல்லூரிகள் பெருகியிருக்கின்றன. படித்தவர்கள் இருக்கிறார்கள், இடங்களும் இருக்கின்றன. யாரை எங்கே எப்போது அனுப்ப வேண்டும் என்ற பழக்கம்தான் நம்மிடம் இன்னும் படியவில்லை. "என்னால ஆகாது, அங்க போங்க" என்று சொல்லும் மருத்துவரைக் கைவிட்டவராக நினைக்கிறோம், "பார்த்துக்கலாம்" என்று ஊசி போடுகிறவரைக் கைராசிக்காரர் என்கிறோம். லட்டுவுக்கு உண்மையில் முதலில் வைத்தியம் செய்தது, தன்னால் ஆகாது என்று சொன்ன அந்த இளம் மருத்துவர்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா நாய்க்கும் ஆபரேஷன் தேவைப்படாது. வலி மட்டும் இருந்து, நடக்கவும் முடிகிறதென்றால், குறைந்தது நாலு வாரம் கண்டிப்பான கூண்டு ஓய்விலும் சரியான வலிமருந்திலும் நிறைய நாய்கள் தேறிவிடுகின்றன. பணம் இல்லாததால் இந்த வழியில் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு மகள் பாதிப் பணம் போட்டிருக்காவிட்டால் நானும் அந்த வழியில்தான் போயிருப்பேன்.

உங்கள் வீட்டிலும் நீள முதுகுக்காரன் ஒருவன் இருந்தால், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போதே மருத்துவரிடம் ஒன்று கேட்டு வையுங்கள். "டாக்டர், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இவன் பின்னங்கால் விழுந்துட்டா, என்னை எங்க அனுப்புவீங்க?" ஊர், ஆஸ்பத்திரி, போன் நம்பர் மூன்றையும் அவர் சொல்லச் சொல்ல அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். "அதெல்லாம் நானே பார்த்துக்கிறேன்" என்று பதில் வந்தால் இன்னொருவரிடமும் போய்க் கேளுங்கள்.